யாரும் தேறாத சோதனை

"பிரிஞ்சிருக்கு," என்றாள் அம்மா.

கண்ணாடி டம்ளரை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். முந்தின நாள் மருமகளிடமிருந்து பீய்ச்சி வாங்கி, தட்டால் மூடி, யாரும் தொடாமல் சமையல் மேடையில் வைத்திருந்த தாய்ப்பால். மேலே ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் ஏடு. அதற்குக் கீழே நீலம் பூத்த தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்தாற்போல ஓர் எல்லை.

"இன்னியோட ஏழு நாள். ஏழு நாளும் பிரிஞ்சிருக்கு. நல்ல பாலுன்னா ஒண்ணா நிக்கும். நான் சொல்லல, டம்ளரு சொல்லுது."

மருமகள் சுவரில் சாய்ந்து நின்றாள். பிள்ளை பெற்றுப் பத்தொன்பது நாள். உள்ளறையில் குழந்தை பசிக்கு அழுதுகொண்டிருந்தது. அது அழ அழ அவளுடைய ரவிக்கையின் முன்பக்கத்து ஈரம் அகலமாகிக்கொண்டே போனது.

"ஊத்திடு. சாயங்காலம் துணி வெச்சு மாரை இறுக்கிக் கட்டிடுறேன். நாலு நாள் வலிக்கும், அப்புறம் தானா வத்திடும்."

மருமகள் டம்ளரை வாங்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். பால் ஓட்டையைச் சுற்றி ஒரு வட்டமடித்து உள்ளே போனது. அவள் குழாயைத் திறக்கவில்லை. அம்மாதான் எட்டித் திறந்துவிட்டாள்.

மேசையில் உட்கார்ந்து வேலைக்குப் போகும் அவசரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மூத்த மகள் இதையெல்லாம் பார்த்தாள்.  தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து உள்ளறைக்குள் போனாள். தினமும் புறப்படுமுன் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. அழுகிற குழந்தையின் வாய்க்கு நேரே குனிந்து, அதன் நாக்கைப் பார்ப்பாள். நாக்கு அசையாமல் படிந்திருக்கிறதா, இல்லை ஓரத்தில் புழு நெளிகிற மாதிரி நடுங்குகிறதா என்று பார்ப்பாள்.

இன்றைக்கும் நடுங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

அந்த டம்ளர் சோதனை, இறந்துபோன அவள் அப்பா வீட்டு வழக்கம். முதல் ஆண் பிள்ளை தவறிப்போனால், அடுத்ததற்குத் தாய்ப்பால் கொடுக்கும் முன் ஏழு நாள் டம்ளரில் வைத்துப் பார்க்க வேண்டும். பிரிந்தால் அந்தப் பால் விஷம். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்களில் ஒருத்தியும் அதில் தேறியதில்லை. எல்லோரும் தோற்கிற சோதனையில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வந்த பெண்கள் அத்தனை பேரும் கெட்டவர்கள் என்று நம்புவது சுலபமாக இருந்தது.

மூத்தவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட ஆகவிடவில்லை என்பது சரி. கேட்டு வந்தவர்களையெல்லாம் அம்மாவே ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். ஒரு முறை சண்டையில் உண்மை வாய் தவறி வந்தது: "உனக்கும் என் பாலுதானே ஊறும். புள்ளைய முழுங்கிட்டு வந்து நிப்பே." அதன் பிறகு அவள் கல்யாணப் பேச்சு எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவளாக இருபது வருஷம் ஓட்டிவிட்டாள். சுழலும் கல்லில் தண்ணீர் சொட்டச் சொட்ட, சட்டத்துக்குப் பொருந்தும் வரை லென்ஸின் விளிம்பைத் தேய்க்க வேண்டும். ஒரு மயிரிழை கூடினால் உட்காராது, குறைந்தால் கழன்று விழும். கடையில் எல்லோருக்கும் அவள் 'லென்ஸக்கா.'

அன்று மதியம் தண்ணீர் பாட்டில் எடுக்கக் கடையின் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பில் போடுகிற பெண் தன் நாலு மாதப் பிள்ளைக்காகப் பீய்ச்சி வைத்திருந்த பால் பாட்டில் கதவோரம் நின்றது. எத்தனையோ முறை பார்த்ததுதான். இன்றைக்குத்தான் கண்ணில் உறைத்தது. மேலே மஞ்சள் ஏடு. கீழே நீலத் தண்ணீர்.

"ஏய், உன் பாலு பிரிஞ்சிருக்கே. கெட்டுப்போச்சா?"

பில் போடுகிற பெண் சிரித்தாள். "என்னக்கா நீங்க! கெடல்லாம் இல்ல. எல்லாருக்கும் அப்படித்தான் பிரியும். ஒரு குலுக்குக் குலுக்கினா சேந்துடும்." பாட்டிலை வாங்கி இரண்டு முறை ஆட்டிக் காட்டினாள். கோடு கரைந்து ஒன்றாயிற்று. "எம்புள்ளையப் பாத்தீங்கள்ல, பூசணிக்கா மாதிரி இருக்கான்."

மூத்தவள் அந்த மதியம் நாலு லென்ஸைக் கெடுத்தாள். இருபது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

அவளுக்குப் பின் அம்மாவுக்கு மூன்று ஆண் பிள்ளைகள். இப்போது உயிரோடு இருக்கிற தம்பி மூன்றாமவன். முதலாமவன் பிறந்தபோது அவளுக்கு எட்டு வயது. அவனைப் 'பெரியவன்' என்பார்கள். கண் இரண்டும் பளிச்சென்று இருக்கும், ஆளைப் பார்த்துச் சிரிப்பான், கால் மட்டும் மல்லாத்திப் போட்ட தவளைபோல் இரண்டு பக்கமும் சரிந்து கிடக்கும். நாக்கு நடுங்கும். மூச்சு வாங்கி எட்டாம் மாதம் போனான். அடுத்தவன் 'சின்னவன்.' டம்ளர் பிரிந்ததால் அவனுக்குப் புட்டிப்பால். ஆனால் அம்மா யாரும் அறியாமல் இருட்டில் அவனுக்குப் பால் கொடுத்தாள். ஒரு நாள் மூத்தவள் விழித்துப் பார்த்துவிட்டபோது, அம்மா உதட்டில் விரல் வைத்தாள். அந்தக் கண்ணும் அதே பளிச். அந்த நாக்கும் அதே நடுக்கம். அவன் ஆறாம் மாதம் போனான்.

பத்து வயதுப் பெண்ணுக்கு உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டாள்: "அம்மா பால் குடுத்துச்சு." அப்பா அடிக்கவில்லை. ஒரு வருஷம் பேசாமல் இருந்தார். அது அடியைவிட மோசம். மூன்றாவது ஆண் பிள்ளைக்கு அம்மா ஒரு சொட்டுக் கொடுக்கவில்லை. அவன் பிழைத்தான். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? குடும்பம் வீடு மாறியது. இறந்த இரண்டு பேரைப் பற்றி இனி வாய் திறப்பதில்லை என்று மூத்தவளிடம் சத்தியம் வாங்கினார்கள். தம்பிக்குத் தெரிந்தவரை அவன் ஒரே மகன்.

இரண்டு வருஷத்துக்கு முன் தம்பியின் முதல் பிள்ளை பிறந்தான். இரண்டாம் மாதம் அவன் நாக்கு நடுங்குவதை மூத்தவள் பார்த்தாள். பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். ஏழாம் மாதம் அவனைப் புதைத்தார்கள்.

லென்ஸைக் கெடுத்த அன்று சாயங்காலம் மூத்தவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, மருமகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கிழித்து மடித்த வெள்ளைத்துணி. அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

"கட்டிக்காதே," என்றாள் மூத்தவள்.

மருமகள் நிமிர்ந்தாள்.

"பாலு வத்தக் கூடாது. அவங்க கட்டினாலும் நீ பாத்ரூம்ல அவுத்துட்டுப் பீய்ச்சி விடு. எல்லா தாய்ப்பாலும் பிரியும்மா. அது குலுக்கினா சேந்துடும். அவ்ளோதான் அதோட ரகசியம்."

மருமகள் அழுவாள் என்று நினைத்தாள். அவள் எழுந்து பீரோவின் அடியில் விரித்திருந்த தினசரித் தாளைத் தூக்கி, ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"அண்ணி, இதைப் படிங்க. என் மொதப் புள்ள போனப்புறம் குழந்தைகள் ஆஸ்பத்திரியில இருந்து வந்த லெட்டர். 'செத்தவனுக்கு எதுக்குடி லெட்டரு'ன்னு உங்க தம்பி கிழிச்சுப் போட்டார். நான் கல்யாணத்துக்கு முன்னாடி ஜெராக்ஸ் கடையில ஆறு வருஷம் இருந்தவ. எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் மொதல்ல நகல் எடுத்துட்டுத்தான் மறு வேலை."

கடிதம் சுருக்கமாக இருந்தது. குழந்தைக்கு இருந்தது தண்டுவடத் தசை நலிவு நோய். பரம்பரையாக வருவது. தாய் தகப்பன் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அடுத்த குழந்தை பிறந்தால் உடனே அழைத்து வரவும். நோய் வெளியே தெரியும் முன் கொடுத்தால் பலன் தரும் சிகிச்சை இப்போது உண்டு.

"உடனேன்னு போட்டிருக்கு. பத்தொம்பது நாளாச்சு, அண்ணி. அவர்கிட்ட கெஞ்சிப் பாத்துட்டேன். 'எங்க வம்சத்துல யாருக்கும் கிடையாது, உன் ரத்தத்தைப் போய் பாரு'ங்கிறார். போன வாரம் அத்தை அவர்கிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு. இதுவும் போச்சுன்னா என்னைக் கொண்டுபோய் எங்க வீட்டுலயே விட்டுடலாமாம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நான் போறேன். புள்ள போகக் கூடாது."

மூத்தவள் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "நாளைக்கு லீவு போடுறேன். தடுப்பூசின்னு சொல்லிக்கலாம்."

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், ஒரு சின்ன அறையில், பரம்பரை நோய் ஆலோசகர் இருந்தாள். வயது முப்பதுக்குள். கையில் பென்சிலும் ஸ்கேலும். வெள்ளைத்தாளில் கட்டமும் வட்டமுமாக வரைந்துகொண்டே கேள்வி கேட்டாள்.

"கட்டம் ஆம்பளை, வட்டம் பொம்பளை. நோய் இருந்தவங்களைக் கறுப்பா அடிச்சிடுவேன். இறந்திருந்தா குறுக்க ஒரு கோடு. புரியுதுங்களா? நீங்களும் வீட்டுக்காரரும் சொந்தமா?"

"தூரத்துச் சொந்தம்," என்றாள் மருமகள்.

மருமகளின் பக்கம் முழுக்க வெள்ளையாக வந்தது. பென்சில் தம்பியின் கட்டத்துக்கு நகர்ந்தது.

"இவர் கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?"

"இவங்க ஒருத்தங்கதான். அவரோட அக்கா."

"நாலு," என்றாள் மூத்தவள். "எங்கம்மாவுக்கு மொத்தம் நாலு புள்ளைங்க."

மருமகளின் தலை திரும்பியது. மூத்தவள் அவளைப் பார்க்கவில்லை. பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: எட்டு மாசம், ஆறு மாசம், தவளைக் கால், பளிச்சென்ற கண், நடுங்குகிற நாக்கு. முப்பது வருஷம் சொல்லாத வார்த்தைகள். சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆலோசகர் இரண்டு கட்டம் வரைந்து, கறுப்பாக நிரப்பி, ஒவ்வொன்றின் குறுக்கேயும் கோடு போட்டாள். ஸ்கேல் வைத்து நேராகப் போட்டாள்.

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா, அண்ணி?" மருமகளின் குரல் உயரவில்லை.

"இருந்தேன்."

மருமகள் மடியிலிருந்த பிள்ளையை மூத்தவளுக்கு எட்டாத பக்கமாக மாற்றி வைத்துக்கொண்டாள்.

மூத்தவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "தாய்ப்பாலால இது வருமா? என் தம்பிக்கு வெறும் புட்டிப்பால்தான், அவன் மட்டும் பிழைச்சான்."

"பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நம்ம ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒவ்வொரு ஜீனும் ரெண்டு பிரதி இருக்கும், அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு. ஒண்ணு பழுதானாலும் இன்னொண்ணு பாத்துக்கும், ஆளு நல்லாவே இருப்பாங்க. அப்படிப்பட்டவங்க சுமாரா அம்பது பேருக்கு ஒருத்தர் இருக்காங்க. அப்படி ரெண்டு பேர் கல்யாணம் பண்ணிக்கிட்டா, ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு, புள்ளைக்கு ரெண்டுமே பழுதா வந்துடும். உங்க தம்பிக்கு அப்படி வரல. புட்டிப்பாலால பிழைக்கல, அதிர்ஷ்டத்துல பிழைச்சார்."

"சரி பண்ண முடியுமா?" என்றாள் மருமகள்.

"தண்டுவடத்துல நரம்பு செல் ஒவ்வொண்ணா சாகும். செத்தது திரும்பி வராது. சாகுறதுக்கு முன்னாடி, நல்ல ஜீனை ஒரு வைரஸ்ல ஏத்தி, ரத்தக்குழாய் வழியா அனுப்புவோம். ஒரே தடவை."

"வைரஸா?"

"திருட்டுச் சரக்கை இறக்கிட்டு, அதே வண்டியில நம்ம சரக்கை ஏத்தி அனுப்புற மாதிரிங்க. வண்டி மட்டும்தான் அதோடது."

குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு அட்டையில் நாலு வட்டத்தில் ரத்தம் எடுத்தார்கள். ஐந்தாம் நாள் ஃபோன் வந்தது. இரண்டு பிரதியும் பழுது. நோய் இன்னும் வெளியே தெரியவில்லை. ஒரு அறக்கட்டளையின் திட்டத்தில் இடம் இருக்கிறது, செலவில்லை. ஆனால் தாய் தகப்பன் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் நஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் இருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர்கள் மாட்டிக்கொண்ட பெட்டிகளைத் திறந்துவிடுகிறவன். மூத்தவள் கட்டங்கள் வரைந்த தாளை அவன் முன் வைத்தாள்.

"இது என்னக்கா, தாயக்கட்டமா?"

"இது நீ. இது நான். இந்த ரெண்டும் உன் அண்ணனுங்க."

தம்பி சிரித்தான். "எனக்கு ரெண்டு அண்ணனா? இத்தனை நாளா எந்தப் பரண்ல வெச்சிருந்தீங்க? சொத்துல பங்கு கேட்டு வந்துட்டானுங்களா?"

 அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ரெண்டு புள்ளைங்கதான்," என்றாள் அம்மா.

"பெரியவன் எட்டு மாசத்துல போனான். சின்னவன் ஆறு மாசத்துல," என்றாள் மூத்தவள்.

"ஏண்டி, சத்தியம் பண்ணிக் குடுத்தியேடி!"

"பண்ணேன். அந்தச் சத்தியத்தைக் காப்பாத்தித்தான் இவன் மொதப் புள்ளைய மண்ணுல போட்டோம்."

தம்பியின் முகத்தில் சிரிப்பின் மிச்சம் ஒட்டிக்கொண்டே இருந்தது. அதைத் துடைக்க அவனுக்குத் தெரியவில்லை. மூத்தவள் எல்லாவற்றையும் சொன்னாள். அம்பது பேருக்கு ஒருத்தர். நாலுல ஒரு பங்கு. சொல்லிவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்பாகிட்ட அன்னிக்கு சொன்னது நான்தாம்மா. நீ சின்னவனுக்குப் பால் குடுத்ததை."

"தெரியும்," என்றாள் அம்மா. "வேற யாரு முழிச்சிருந்தா?"

முப்பத்திரண்டு வருஷமாகத் தெரிந்திருந்தது. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, தெரியும் என்பதை அவள் ஒரு நாளும் காட்டியதில்லை.

அம்மா மடித்த துணி ஒன்றைப் பிரித்து மறுபடி மடித்தாள். "அப்போ... நான் குடுத்ததுல போகலையா அவன்?"

"இல்லம்மா. நீ குடுத்ததை வயிறார குடிச்சான். அவ்ளோதான் நடந்தது."

அம்மா அழவில்லை. அவள் பார்வை தம்பியின் மேல் போய் நின்றது. முப்பது வயது ஆம்பிளையை, இப்போதுதான் பெற்றுப் போட்டதுபோல் பார்த்தாள்.

"இவனுக்கு ஒரு சொட்டு குடுக்கலையே," என்றாள். "நெஞ்சுல போட்டுக்கக்கூட பயம். தூரத்துல வெச்சே வளத்தேன்."



தம்பி எழுந்தான். அவனுக்கு உறைத்தது வேறு. "அப்போ என் ரத்தத்துல கோளாறுன்னு எழுதிடுவாங்களா? நாளைக்கு நாலு பேரு முன்னாடி நான் எப்படி நடக்குறது? அதெல்லாம் முடியாது. என் பக்கம் ஒண்ணும் இல்லன்னு எழுதச் சொல்லு, கையெழுத்துப் போடுறேன்."

"அப்படி எழுத மாட்டாங்கடா."

"அப்ப எனக்கும் கை வராது."

இவ்வளவு நேரம் உள்ளறை வாசலில் நின்றிருந்த மருமகள் பிள்ளையைத் தோளில் போட்டபடி முன்னால் வந்தாள். "ஆஸ்பத்திரிக் காகிதம் ஆஸ்பத்திரியில இருந்துட்டுப் போகட்டும். அதை எவன் வந்து பாக்கப் போறான்? வெளியில எல்லாம் என் பக்கம்னே சொல்லிக்கோங்க. என் ரத்தம், என் பாலு, என் ராசி. உங்க வாய் வலிக்கிற வரைக்கும் சொல்லுங்க. நான் மறுத்துப் பேசமாட்டேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

அவன் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டான். போடும்போது, "வெளியில ஒரு ஈ காக்காக்குத் தெரியக் கூடாது," என்றான். "சத்தியம் பண்ணு, அக்கா."

மூத்தவள் பேனாவை மூடி வைத்தாள். சத்தியம் பண்ணவில்லை.

முப்பத்து நாலாம் நாள் மருந்து ஏற்றினார்கள். பார்க்க ஒன்றுமே இல்லை. தண்ணீர் போன்ற ஏதோ ஒன்று, ஒரு மணி நேரம், மெல்லிய குழாய் வழியாகப் பிள்ளையின் கைக்குள் போனது. அம்மாவும் வந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அதற்கப்புறம் வாராவாரம் கல்லீரல் சோதனைக்கு ரத்தம் எடுக்கப் போனபோதெல்லாம் அவளும் கூடவே போனாள். வரிசையில் உட்கார்ந்து, டோக்கனைப் பிடித்துக்கொண்டு, திரும்பி வந்தாள். வீட்டில் டம்ளர் சோதனை நின்றது. மருமகள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுத்தாள். கதவுக்கு வெளியே அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை மூத்தவள் பலமுறை பார்த்தாள். உள்ளேயிருந்து குழந்தை இருமினால் அம்மாவின் கை கதவுப் பிடிக்குப் போகும். திறக்காமல் திரும்பும்.

நாலாம் மாதம் பிள்ளை தலை நின்றது. ஏழாம் மாதம், அண்ணன் போன வயதைத் தொட்ட நாளில், தலையணையை உதைத்துக் கீழே தள்ளினான். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அன்று யாருமே வேலைக்குப் போகவில்லை. மூத்தவளை மருமகள் மன்னித்தாளா என்பதும் தெரியவில்லை. பிள்ளையைக் கையில் கொடுப்பாள். கொடுத்துவிட்டு அறையை விட்டுப் போகமாட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் அப்பாவின் தங்கை வந்தாள், மகளைக் கூட்டிக்கொண்டு. மகளுக்கு வயிற்றில் ஐந்து மாதம்.

"அடேயப்பா, குதிரைக்குட்டி மாதிரி உதைக்கிறானே! யாரு கண்ணும் பட்டுடப் போகுது," என்று அப்பாவின் தங்கை பிள்ளையின் காலைப் பிடித்து ஆட்டினாள். "எப்படி அண்ணி இவன் மட்டும் தப்பிச்சான்? எங்களுக்கும் சொல்லுங்களேன்."

அம்மா தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான்.

"வேறென்ன," என்றாள் அம்மா. "ஒரு சொட்டுத் தாய்ப்பால் குடுக்கல. எல்லாம் புட்டிதான்."

"ஆமா அத்தை," என்றான் தம்பி.

"பாத்தியாடி? இதைத்தான் நான் தலபாடா அடிச்சுக்கிறேன்!" அப்பாவின் தங்கை மகளின் தொடையில் தட்டினாள். "இப்பல்லாம் ஆணு பொண்ணுன்னு பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது. மொதப் புள்ளையா இருந்தாலும் சரி, டம்ளர்ல வெச்சுப் பாத்துட்டுத்தான் வாயில வெக்கணும்."

வயிற்றுப்பிள்ளைக்காரி தன் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். "பிரிஞ்சா, அம்மா?"

"பிரிஞ்சா ஊத்திட வேண்டியதுதான்."

ஆலோசகர் கடைசியாகச் சொன்னது மூத்தவளுக்கு நினைவில் இருந்தது: இறந்த அப்பாவிடம் இருந்தது அவர் தங்கையிடமும் இருக்கலாம், தங்கை மகளிடமும் இருக்கலாம், தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது.

மருமகள் வந்து, கூடத்துக் கட்டிலில் கிடந்த பிள்ளையை எடுத்துக்கொண்டு, கூடத்தின் நடுவில், விளக்கு வெளிச்சத்தில், சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவனை மடியில் சாய்த்து, முந்தானையை ஒதுக்கிப் பால் கொடுத்தாள்.

"உள்ள போ," என்றான் தம்பி.

"இங்க காத்து நல்லா வருது."

"உள்ள போடிங்கிறேன்ல!"

"எல்லாம் என் பக்கம்னு நீங்க சொல்லிக்கலாம்னுதான் ஒத்துக்கிட்டேன். இன்னொரு பொண்ணு பாலைத் தொட்டியில ஊத்துறதுக்கு ஒத்துக்கல."

அப்பாவின் தங்கைக்கு வாய் பிளந்தது. மூத்தவள் அலமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்து வயிற்றுப்பிள்ளைக்காரியின் மடியில் விரித்தாள்.

"இது எங்கப்பா. இந்த ரெண்டும் எங்க அப்பாவோட புள்ளைங்க, செத்துப்போனவங்க. இது உங்கம்மா. இந்த வட்டம் நீ. உனக்குள்ள இருக்கா இல்லையான்னு தெரியாததால கேள்விக்குறி போட்டிருக்காங்க. ஒரு ரத்தப் பரிசோதனைதான். உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போ. இவனுக்கு மருந்து ஏத்தியிருக்கு, அதான் உதைக்கிறான். புட்டியால இல்ல."

அப்பாவின் தங்கை எழுந்துவிட்டாள். "என்ன பேச்சு இது? செத்த மனுஷன் மேல பழியா? எங்க வம்ச ரத்தத்துலயா குறை? அந்தப் புள்ளைங்க எதுல போச்சுன்னு எனக்குத் தெரியாதா? அண்ணி, நீங்க சொல்லுங்க. எங்க அண்ணன் ரத்தமா? சொல்லுங்க, அண்ணி!"

தம்பி வயிற்றுப்பிள்ளைக்காரியின் மடியிலிருந்த தாளைப் பிடுங்கி நாலாகக் கிழித்தான். அம்மா அவனையும் பார்க்கவில்லை, நாத்தனாரையும் பார்க்கவில்லை. அவள் கண் பிள்ளையின் தொண்டையில் இருந்தது. அது விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலையை இன்னும் கொஞ்சம் உசத்திப் பிடி," என்றாள் மருமகளிடம். "இப்படிக் குடுத்தா புரையேறும்."

"ஒரு சொட்டுக்கூட குடுக்கலைன்னு இப்பத்தானே சொன்னீங்க!" என்றாள் அப்பாவின் தங்கை.

"பொய்," என்றாள் அம்மா. "நான் மூணு புள்ளைக்குக் குடுத்தவ. சின்னவனுக்கு இருட்டுல குடுத்தேன். எதுக்கும் என் பாலால ஒண்ணும் வரல."

அப்பாவின் தங்கை மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். இனி இந்த வாசற்படி மிதித்தால் ஏன் என்று கேள் என்றாள்.  வயிற்றுப்பிள்ளைக்காரி இழுத்த இழுப்புக்குப் போனாள். வாசலில் மட்டும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ஆஸ்பத்திரி காலையில எத்தனை மணிக்குத் திறக்கும்?"

"வாடிங்கிறேன்," என்றாள் அவள் அம்மா.

"எட்டுக்கு," என்றாள் மூத்தவளின் அம்மா. "மூணாவது மாடி. டோக்கனுக்கு ஏழரைக்கே போயிடு."